எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது என்றார்கள், யாருக்கு?

போன வாரம் எங்கள் காலனிப் படிப்பகத்தின் பரணைச் சுத்தம் செய்த பிள்ளைகள் ஒரு பழைய கணினிப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, "இதை எடைக்குப் போட்டுடலாமாண்ணா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பெட்டியின் பக்கவாட்டில் விண்டோஸ் எக்ஸ்பி என்று அச்சிட்ட உரிமச் சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது. 2012ல் ஓர் அலுவலகம் புதுக் கணினிகள் வாங்கியபோது, வேண்டாததாகிப்போன இரண்டை எங்களுக்குக் கொடுத்தது. அதில் ஒன்று இது.

இந்தப் பெட்டிக்குள்தான் 'சுடுகாட்டுப் பாதை' என்றொரு கோப்புறை இருந்தது. எங்கள் சனம் பிணம் தூக்கிப்போகும் பாதையில் முள்வேலி போட்டு அடைத்ததை மூன்று வருடங்களாக எடுத்த படங்கள், கொடுத்த மனுக்கள், முதல் தகவல் அறிக்கையின் நகல், சாட்சிகள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவை எல்லாம் அதில் இருந்தன. 2016ல் ஒரு நாள் பென்டிரைவ் செருகியதும் எல்லாக் கோப்புறைகளும் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. அவசரத்தில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மாலையில் போனால், "வைரஸ்ணா, ஃபார்மட் பண்ணிட்டேன், இப்ப சூப்பரா ஓடுது" என்றான் கடைத் தம்பி.

அவனைத் திட்டி என்ன பயன்? முந்நூறு ரூபாய்க்கு அவன் கற்றுக்கொண்ட வைத்தியம் அதுதான். அந்த வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்துத்தான் வைக்கிறது. ஒரு வரிக் கட்டளையில் திரும்ப வரவழைத்திருக்கலாம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மனுக்களை ஜெராக்ஸ் பிரதிகளிலிருந்து மறுபடி திரட்டிவிட்டோம். படங்கள் போனது போனதுதான். அடுத்த விசாரணையில் அதிகாரி கேட்ட முதல் கேள்வி: "வேலி இருந்ததுக்கு ஆதாரம் என்ன?"

இதைச் சொன்னதும் கணினி தெரிந்த நண்பர்கள் சிலர் எங்களைத்தான் குறைசொன்னார்கள். "2014லயே எக்ஸ்பிக்கு ஆதரவு முடிஞ்சுபோச்சு. இன்னுமா அதை வச்சிருந்தீங்க?" பல ஆண்டுகளாக அந்தக் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒருவேளை நம் தவறுதானோ என்றுகூட நினைத்திருக்கிறேன். அப்புறம் உட்கார்ந்து வரலாற்றைப் படித்தேன். படித்தபின் எனக்குத் தோன்றிய கேள்வி வேறு. ஆதரவு முடிந்தது சரி, யாருக்கு முடிந்தது?

முதலில் எக்ஸ்பிக்கு நான் பட்ட நன்றிக்கடனைச் சொல்லிவிடுகிறேன். 2001 அக்டோபர் 25ல் வெளியான இயங்குதளம் அது. என் தலைமுறையில் பலர் ப்ரவுசிங் சென்டரில் முதன்முதலாகக் கைவைத்த கணினியில் எக்ஸ்பிதான் ஓடியது. பச்சைப் புல்மேடும் நீல வானமும் இருந்த அந்தத் திரைப்படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒவ்வொரு இணையதளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு என்று தமிழ் சிதறிக்கிடந்த காலத்தில், ஒருங்குறித் தமிழை லதா எழுத்துருவில் படிக்கவும், இ-கலப்பை போட்டு எழுதவும் எக்ஸ்பி வழிவிட்டது. பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கட்டுரைகளை யார் அனுமதியும் கேட்காமல் வலைப்பூவில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் அதிலும் ஒரு வாசல்படி இருந்தது. எக்ஸ்பியில் தமிழ் தானாகச் சரியாக வராது. கன்ட்ரோல் பேனலுக்குப் போய், 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். உடனே அது விண்டோஸ் சிடியைப் போடு என்று கேட்கும். ஆங்கிலம் கேட்காமலே வரும். தமிழ், இந்தி, அரபி எல்லாம் 'சிக்கலான எழுத்து' என்ற பெயரில் தனியாக நிற்கும். சென்டர்க்காரரிடம் சிடி இல்லையென்றால் கொம்பும் காலும் இடம்மாறிய தமிழோ வெறும் கட்டங்களோதான். எத்தனையோ நாள் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துக் கட்டங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. 2004ல் 'எக்ஸ்பி ஸ்டார்ட்டர் எடிஷன்' என்று ஒன்றை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளுக்கு முதலில்; பிறகு இந்தியாவுக்கும். விலை குறைந்த புதுக் கணினிகளோடு மட்டும் வரும். அதில் ஒரே நேரத்தில் மூன்று நிரல்களைத்தான் திறக்கலாம், நான்காவது திறக்காது. வீட்டில் ஆளுக்கொரு பயனர் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. கணினியால் முடியாமல் இல்லை. முடிந்ததை முடியாதபடி பூட்டிக் கொடுத்தார்கள். புதிதாகக் கணினி பழகுகிறவர்களுக்கு எளிமையாக இருக்கட்டும் என்று காரணம் சொன்னார்கள். ஏழைக்கு மூன்று ஜன்னல் போதும் என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

டீக்கடையில் இரட்டைக் குவளை பார்த்து வளர்ந்தவனுக்கு இதைப் படித்ததும் என்ன நினைவு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். காசு கொடுத்தால் நல்ல விண்டோஸ் கிடைக்கும்; காசு கொடுத்தாலும் கண்ணாடிக் குவளை கிடைக்காத கடைகளை நாம் பார்த்திருக்கிறோம். சாதியின் கொடுமையை ஒரு மென்பொருளோடு நிறுத்துப் பார்ப்பது சாதியைச் சின்னதாக்கிவிடும். ஆனால் ஒரே அடுப்பில் கொதித்த டீயை ஆள் பார்த்து இரண்டாகப் பிரித்து ஊற்றும் கையை மட்டும் எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

அந்தக் கையைத்தான் 2014க்குப் பிறகும் பார்த்தேன்.

2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டன. அன்றைக்கு உலகின் மேசைக் கணினிகளில் ஏறத்தாழக் கால்பங்கில் எக்ஸ்பிதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போது அதை அடைப்பதற்கு வருவதுதான் பாதுகாப்புத் திருத்தம். அது வராமல்போனால் கணினி நின்றுவிடாது. முன்பு போலவே ஓடும். ஓட்டைகள் மட்டும் அடைபடாமல் கூடிக்கொண்டே போகும்.

ஆனால் திருத்தம் எழுதும் வேலை அன்றோடு நிற்கவில்லை. இதைக் கவனியுங்கள்.

பிரிட்டிஷ் அரசு ஓராண்டுக்குச் சுமார் 55 லட்சம் பவுண்டு கொடுத்துத் தன் அலுவலகங்கள், மருத்துவமனைகளின் எக்ஸ்பி கணினிகளுக்குத் தனி ஆதரவு வாங்கிக்கொண்டது. நெதர்லாந்து அரசும் இதுபோல் ஒப்பந்தம் போட்டது. ஆக, காசு கொடுத்தவர்களுக்குத் திருத்தம் தொடர்ந்து வந்தது.

கடைகளில் பில் போடும் இயந்திரங்களுக்காக எக்ஸ்பியை அடிப்படையாக வைத்துச் செய்த 'போஸ்ரெடி 2009' என்ற பதிப்பு உண்டு. அதற்கு 2019 ஏப்ரல் வரை திருத்தம் வந்தது. எக்ஸ்பி செத்துவிட்டது என்று நம்மிடம் சொன்னபின் ஐந்து வருடம், கல்லாப்பெட்டிக்குள் அதே எக்ஸ்பி மருந்து மாத்திரையோடு உயிர் வாழ்ந்தது. சாதாரண எக்ஸ்பியில் ஒரு சிறு மாற்றம் செய்தால் அந்தத் திருத்தங்களை வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். அப்படிச் செய்யாதீர்கள், அவை உங்களுக்கானவை அல்ல என்று நிறுவனம் எச்சரித்தது.

பிறகு வான்னாகிரை வந்தது. 2017 மே 12. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை விண்டோஸில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் உளவு வேலைக்கு வைத்திருந்தது. அந்தக் கருவி திருடுபோய் வெளியே கசிந்தது. அதைக் கொண்டு செய்த நச்சுநிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையில் சுமார் 19,000 நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாகின என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. மறுநாளே மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கும் திருத்தத்தை இலவசமாக வெளியிட்டது. நல்ல காரியம் என்று பாராட்டினார்கள். அந்தக் கோப்பைப் பிரித்துப் பார்த்தவர்கள் அதிலிருந்த மின்கையொப்பத்தின் தேதியைக் கவனித்தார்கள்: 2017 பிப்ரவரி. மூன்று மாதம் முன்பே மருந்து தயாராகி, காசு கட்டியவர்களுக்கான அலமாரியில் இருந்திருக்கிறது.

உண்மையைச் சொல்ல வேண்டும். வான்னாகிரையில் மிக அதிகம் அடிபட்டவை எக்ஸ்பி கணினிகள் அல்ல; அப்டேட் போடாத விண்டோஸ் 7 கணினிகள்தான். எங்கள் ஷார்ட்கட் வைரஸ்கூட, திருத்தம் ஒழுங்காக வந்திருந்தால் வந்திருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பென்டிரைவைக் கண்ட இடத்தில் செருகியது எங்கள் தவறு, நகல் எடுத்து வைக்காதது அதைவிடப் பெரிய தவறு. என் வாதம் அது அல்ல. தயாராக இருந்த திருத்தத்தை ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுக்க என்ன நியாயம் என்பதே என் கேள்வி.

முடிந்துபோன எக்ஸ்பிக்கு அந்த நிறுவனம் குறைந்தது மூன்று முறை எல்லோருக்கும் திருத்தம் கொடுத்தது: 2014 மே, 2017 மே, 2019 மே. கொடுக்க முடியாது என்பது உண்மையில்லை என்று இதிலிருந்தே தெரிகிறது. ஊரெல்லாம் பற்றிக்கொள்ளும், பெரிய இடங்களும் வேகும் என்ற பயம் வந்தபோது கொடுத்தார்கள். காலனியில் மட்டும் புகைந்தபோது கொடுக்கவில்லை.

இரண்டு எதிர்வாதங்கள் வரும்.

"பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆதரவு கொடுத்திருக்கிறார்கள், இன்னும் எத்தனை காலம்தான் கொடுப்பது?" ஒரு வகையில் நியாயமான கேள்வி. புது வசதி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. காலம் முழுக்கக் கொடு என்றும் கேட்கவில்லை. ஒருவருக்காகத் திருத்தம் எழுதிவிட்டால் அது எழுதி முடிந்தது. அதையே இன்னும் பத்துக் கோடிப் பேருக்கு நகலெடுத்துக் கொடுக்கப் புதிதாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. அப்படியிருந்தும் மறுத்தால், அந்தப் பயத்தைத்தான் விற்கிறார்கள் என்று பொருள்.

"பாதிப் பேர் வைத்திருந்தது திருட்டு சிடி, அவர்களுக்கு என்ன உரிமை?" திருட்டு சிடிதான், மறைக்கவில்லை. அசல் எக்ஸ்பியின் விலை ஒரு கூலித் தொழிலாளியின் பல நாள் கூலி. அப்டேட் போட்டால் திரை கறுத்து 'இது அசல் அல்ல' என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, கடைக்காரர்களே அப்டேட்டை நிறுத்திவைத்துக் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் படிப்பகத்துப் பெட்டியில் அசல் உரிமச் சீட்டே ஒட்டியிருக்கிறது. அதுவும் எங்களைக் காப்பாற்றவில்லை. தவிர, நச்சுநிரல் உரிமச் சீட்டைப் பார்த்துவிட்டு நுழைவதில்லை. காலரா வந்தால் பட்டா உள்ள வீட்டுக்கு மட்டும் தடுப்பூசி போட்டு ஊரைக் காப்பாற்ற முடியுமா?

"பழசை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் துண்டறிக்கையும் சுவரொட்டியும் அச்சாகும் டிடிபி கடைக்குப் போய்ப் பாருங்கள். பேஜ்மேக்கரும், பழைய தமிழ் எழுத்துருக்களும், அவற்றுக்கேற்ற பிரின்டரும் ஓடும் ஒரே கணினியாக எக்ஸ்பியைக் காப்பாற்றி வைத்திருப்பார்கள். வங்கிகள் மட்டும் என்ன வாழ்ந்தது? இந்த நாட்டின் ஏடிஎம்களில் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்ததால், 2019 ஜூனுக்குள் எல்லாவற்றையும் மாற்றி முடிக்க வேண்டும் என்று 2018 ஜூனில்தான் ரிசர்வ் வங்கி காலக்கெடு விதித்தது. ஆதரவு முடிந்து நான்கு வருடம் கழித்து! அத்தனை பணம் வைத்திருக்கும் வங்கிக்கே ஐந்து வருட அவகாசம் உண்டு. தானமாக வந்த பெட்டியை வைத்திருந்த படிப்பகத்துக்கு மட்டும் புத்திமதி.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? அதே கதை மறுபடி நடக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். நன்றாக ஓடும் கணினிகள் பலவும் அந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. ஓராண்டு நீட்டிப்புக்கு வீட்டுப் பயனர் 30 டாலர் கட்டலாம், அல்லது தன் கணினி அமைப்புகளை நிறுவனத்தின் மேகக் கிடங்கில் ஏற்றலாம், அல்லது அவர்கள் தரும் புள்ளிகளைச் செலவழிக்கலாம். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பு. ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டன. அந்தப் பகுதி மக்களுக்கு மட்டும் இந்த நிபந்தனைகளைத் தளர்த்தி இலவசமாக்கினார்கள். தொழிற்சாலை இயந்திரங்கள் போன்றவற்றுக்குள் ஓடும் விண்டோஸ் 10ன் ஒரு நீண்டகாலப் பதிப்புக்கோ 2032 ஜனவரி வரை திருத்தம் உண்டு. மறுபடியும் கல்லாப்பெட்டிக்கு மருந்து, நமக்கு மரண அறிவிப்பு.

இனி அலுவலகங்கள் தங்கள் விண்டோஸ் 10 கணினிகளைக் கழிப்பார்கள். அவை தானமாக நம் படிப்பகங்களுக்கும் இரவுப் பள்ளிகளுக்கும் வரும். வாங்கி வையுங்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் வந்த அன்றே அதில் லினக்ஸ் போடுங்கள். இது புதிய பாதை இல்லை. கேரளத்துப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் மாநிலத்தில் உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட்டின் மேலாண் இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனத்தின் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். 2011ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இருந்தது. அதைத் திறந்து பார்க்கச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

லினக்ஸ் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் பிரின்டர் இரண்டு வாரம் வேலை செய்யவில்லை. பழைய எழுத்துருவில் இருந்த மனுக்களை ஒருங்குறிக்கு மாற்ற ஒரு மாதம் ஆனது. ஆனால் கல்லூரியில் படிக்கும் எங்கள் தெருப் பெண் ஒருத்தி உட்கார்ந்து சரிசெய்தாள். இன்று அந்தக் கணினியில் திருத்தம் வருகிறது; யாரும் எங்களிடம் டாலர் கேட்கவில்லை.

வழக்கு ஆவணம் வைத்திருக்கும் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். எக்ஸ்பி, விண்டோஸ் 7 கணினி இருந்தால் தட்டச்சுக்கும் அச்சுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் இணைக்காதீர்கள். படங்களையும் மனுக்களையும் இரண்டு இடத்தில் நகலெடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கோப்புகள் காணவில்லை என்றால் முதலில் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைக்குக் கொண்டுபோனால், "ஃபார்மட் பண்ணாதே தம்பி, உள்ளே இருப்பதை முதலில் எடுத்துக்கொடு" என்று வாயால் சொல்லாமல் சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

அரசுக்கு நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இரண்டு. இந்த நாட்டில் மென்பொருள் விற்கும் நிறுவனம், காசு கொடுத்த யாரோ ஒருவருக்காகப் பாதுகாப்புத் திருத்தம் தயாரித்தால், அதே திருத்தத்தை அந்த மென்பொருளை வைத்திருக்கும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். எவருக்கும் தரப்போவதில்லை என்று முடிவெடுத்தால், மற்றவர்கள் திருத்திக்கொள்ளும்படி மூல நிரலைத் திறந்துவிட வேண்டும். ஐரோப்பாவில் நுகர்வோர் கேட்டார்கள், நடந்தது. இங்கே நாம் இன்னும் கேட்கக்கூடத் தொடங்கவில்லை.

சுடுகாட்டுப் பாதை வழக்கு இன்னும் நடக்கிறது. போன மழையில் வேலியை மறுபடி போட்டார்கள். இந்த முறை படங்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன. பரணில் இருந்து இறக்கிய பெட்டியை எடைக்குப் போடவில்லை. அதன் வன்தட்டைக் கழற்றி, ஃபார்மட் செய்த பிறகும் ஏதாவது மீட்க முடியுமா என்று பார்க்க அந்தப் பெண்ணிடமே கொடுத்திருக்கிறேன். "ஒண்ணு ரெண்டு படமாவது வரும்ணா" என்கிறாள்.